வாத்தியம் ஓயும்வரை

தாது வருஷப் பஞ்சத்தின்போது சென்னைக் கடற்கரையில் இரண்டு சரக்குகள் வந்து இறங்கின. ஒன்று அரிசி. இன்னொன்று, தானிய வியாபாரி விட்லோ துரை நங்கூரக் கோயில் என்ற கிறிஸ்தவ தேவாலயத்துக்குக் காணிக்கையாகச் சீமையிலிருந்து வரவழைத்த ஆர்கன்.

அரிசி மூட்டைகள் மணலில் குன்றுகுன்றாகக் கிடந்தன. பாதி மூட்டைகளில் விட்லோ துரையின் கொக்கு முத்திரை. விலை இன்னும் ஏறட்டும் என்று அவர் காத்திருந்தார். மூட்டைகளைச் சுற்றித் துப்பாக்கிக் காவல். காவலைச் சுற்றி, உள்நாட்டிலிருந்து நடந்தே வந்து சேர்ந்த ஜனங்கள். மணலில் சிந்திய மணிகளைப் பொறுக்கக் குனிந்தவர்களில் சிலர் நிமிரவேயில்லை.

ஆர்கன் நீள நீளமான பெட்டிகளில் வந்தது. மசூலாப் படகுகள் அவற்றை அலைமேல் ஏற்றிக் கரை சேர்த்தன. கோயில்வரை சுமக்க ஆள் வேண்டும் என்றதும், நிற்கத் தெம்பில்லாதவர்கள்கூட முண்டியடித்துக்கொண்டு வந்தார்கள்.

கோயில் வாசற்படியில் ஒருவன் கால் மடங்கி விழுந்தான். பெட்டியின் மூலை உடைந்தது.

பின்னால் வண்டியில் வந்த விட்லோ துரை குதித்து ஓடிவந்தார். பெட்டியின் பக்கத்தில் மண்டியிட்டு, உடைந்த இடத்துக்குள் விரலை விட்டுத் தடவினார். உள்ளே குழல் நசுங்கவில்லை. பெருமூச்சு விட்டு எழுந்தார்.

விழுந்தவனைத் தூக்கி உட்கார வைத்தவன் ஞானாதிக்கம்.

"ஐயா, பொட்டியில என்ன? அரிசியா?"

"இல்லையப்பா. வாத்தியம்."

அந்த மனிதன் கண்ணை மூடிக்கொண்டான்.

ஞானாதிக்கம் தஞ்சாவூர்க்காரன். நாற்பதைத் தாண்டியவன். நங்கூரக் கோயிலில் பிடில் வாசிக்கிறவன். அந்தக் கோயிலைக் கட்டியவர்கள் கப்பல்காரர்கள். உடைந்துபோன கப்பலொன்றின் நங்கூரத்தை வாசலில் நட்டுவைத்திருந்தார்கள். அதனால் கறுப்பர் பட்டணத்து ஜனங்கள் அதற்கு அந்தப் பேரை வைத்தார்கள். காலையில் உள்ளே வெள்ளைக்காரர்களின் ஆராதனை. வெயில் சாய்ந்தபின் பக்கத்துத் தாழ்வாரத்தில் தமிழர்களின் ஆராதனை. ஞானாதிக்கத்தின் பிடில் தாழ்வாரத்தைத் தாண்டி உள்ளே போனதில்லை.

அவனுக்கு ஆர்கன் சொல்லிக்கொடுத்தவர் லூயிசா அம்மாள். அவர் பறங்கி வம்சம். ரொசாரியோ குடும்பத்துப் பெண். கல்யாணம் ஆகாதவர், சீடனைவிட வயதில் இளையவர். கோயிலில் முன்பிருந்த பழைய சின்ன ஆர்கனைக் காலை ஆராதனைக்கு வாசித்துவந்தார். ஒருநாள் தாழ்வாரத்தில் அவனுடைய பிடிலைக் கேட்டுவிட்டு, "இந்தக் கையைக் கட்டைகளின்மேல் வைத்துப் பார்க்க வேண்டும். நாளைக்கு வாரும்" என்றார். அப்படித்தான் தொடங்கியது.

இரண்டு வருஷமாகப் படித்தான். அம்மாள் அதிகம் பேசமாட்டார். "சரி" என்று சொன்னதும் கிடையாது. தப்பாக வாசித்தால் சன்னலைப் பார்ப்பார். சரியாக வாசித்தால் அடுத்த பாட்டைத் திறப்பார்.

புது ஆர்கனை மேல்மாடத்தில் பூட்டி முடித்தார்கள். குழல்கள் கூரையைத் தொட்டு நின்றன. பின்சுவரை ஒட்டி இருட்டான ஒரு சின்ன அறை, அதில் துருத்தி. ஒருவன் நின்றுகொண்டு நீளமான மரக்கைப்பிடியை ஏற்றி இறக்கினால்தான் குழல்களுக்குக் காற்று போகும்.

பிரதிஷ்டைக்கு ஞாயிற்றுக்கிழமை குறித்தார்கள். ஆராதனைப் பாட்டுகளை அம்மாள் வாசிப்பது, கடைசியில் வாத்தியத்தின் முழுப் பெருமையும் தெரியும்படி ஞானாதிக்கம் தனியாக வாசிப்பது என்று ஏற்பாடு. யோசனை அம்மாளுடையது. பாதிரியார் தயங்கினார். விட்லோ துரைக்கு மட்டும் மிகவும் பிடித்துப்போனது. தான் கொடுத்த வாத்தியத்தைக் கறுப்பு விரல்கள் வாசித்தன என்று சீமைக்கு எழுதலாம் அல்லவா?

ஞானாதிக்கத்துக்கு அந்த வாரம் முழுவதும் தூக்கம் வரவில்லை. தாழ்வாரத்திலிருந்து மேல்மாடத்துக்கு எத்தனை தூரம் என்று அவனுக்குத்தான் தெரியும்.

அப்போதுதான் அவனுடைய அத்தான் வந்து சேர்ந்தார்.

ஏசுவடியான் என்பது அவர் பெயர். சேலம் பக்கம் சொந்த நிலத்தில் உழுது சாப்பிட்ட மனிதர். கோயில் வாசலில் வந்து நின்றபோது ஞானாதிக்கத்துக்கு அடையாளமே தெரியவில்லை. உள்ளே கூட்டிவந்து, பெட்டிகளை உடைத்துப் போட்டிருந்த பலகைகளின்மேல் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தான்.

"அக்காள் எங்கே அத்தான்?"

ஏசுவடியான் தண்ணீரைக் குடித்து முடித்தார்.

"வாணியம்பாடி வரைக்கும் வந்தா."

"பிள்ளைகள்?"

"சின்னது அதுக்கு முன்னாடியே. பெரியவன் ஆற்காடு தாண்டி."

 மேலே அம்மாள் குழல்களை ஒவ்வொன்றாக ஊதவிட்டுச் சுருதி பார்த்துக்கொண்டிருந்தார். ஒற்றைச் சுரங்கள் கோயிலுக்குள் விழுந்துகொண்டிருந்தன.

"வழியெல்லாம் வண்டிங்க மச்சான். எங்க ஊரு நெல்லு, எங்களைத் தாண்டிக்கிட்டே பட்டணத்துக்குப் போச்சு. உன் அக்கா ஒரு வண்டியைப் பிடிச்சுக்கிட்டுக் கொஞ்ச தூரம் ஓடினா. வண்டிக்காரன் நல்லவன், அடிக்கல. கையை மட்டும் பிரிச்சுவிட்டான்." சொல்லிக்கொண்டே ஏசுவடியான் குனிந்து, தான் உட்கார்ந்திருந்த பலகையில் பொறித்திருந்த முத்திரையைப் பார்த்தார். விரலால் தொட்டார். "இதே கொக்குதான். மூட்டையில இருந்துச்சு."

ஞானாதிக்கம் பலகையைப் பார்த்தான். பிறகு தலையைத் தூக்கிக் குழல்களைப் பார்த்தான்.

சுருதி பார்ப்பது நின்றிருந்தது. அம்மாள் படியிறங்கி வந்து அவர்கள் பக்கத்தில் நின்றார்.

"துருத்திக்கு ஆள் வேண்டும்" என்றார் ஏசுவடியானிடம். "கூலியாகக் கோயில் அரிசி கொடுக்கும். முடியுமா?"

"முடியும்மா."

"நாளைக் காலையில் வாரும்."

மறுநாள் ஞானாதிக்கம் மேலே ஏறிவந்து, பெஞ்சில் உட்காராமல் நின்றான்.

"அம்மா, நான் வாசிக்க மாட்டேன்."

அம்மாள் கட்டைகளைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"விரல் வலிக்கிறதா?"

"இதைக் கொடுத்தவர் யார் என்று தெரியும்தானே?"

"தெரியும். இதோ, பித்தளைத் தகட்டில் பொறித்திருக்கிறது."

"என் அக்காள் வாயிலிருந்து பிடுங்கிய சோறு இது. என் அக்காள் பிள்ளைகளின் சோறு. இதில் உட்கார்ந்து கடவுளுக்குத் துதி வாசிக்கலாமா? நீங்கள் சொல்லுங்கள்."

அம்மாள் துணியை மடித்து வைத்தார்.

"நிறுத்தாமல் எவ்வளவு நேரம் வாசிப்பீர்?"

"நான் கேட்டதற்கு..."

"எவ்வளவு நேரம்?"

"ஒரு பாட்டு. இரண்டு பாட்டு."

"போதாது. உட்காரும்."

அவன் உட்காரவில்லை. அம்மாள் காத்திருந்தார். துருத்தி அறையில் கைப்பிடி கிறீச்சிட்டது. ஏசுவடியான் ஏற்கெனவே வேலையைத் தொடங்கியிருந்தார். காற்று ஏறி ஏறி வீணாகிக்கொண்டிருந்தது. கடைசியில் அதற்காகத்தான் ஞானாதிக்கம் உட்கார்ந்தான்.

அன்றிலிருந்து அம்மாள் அவனுக்குப் புதுப் பாட்டு எதுவும் சொல்லித்தரவில்லை. ஒரு பாட்டு முடிகிற இடத்தில் கையை எடுக்கவிடவில்லை. "ஒன்றின் வாலை அடுத்ததன் தலையோடு கட்டும்" என்றார். கட்டினான். "இன்னொன்று" என்றார். தெரிந்த பாட்டெல்லாம் தீர்ந்ததும், "தெரியாததை வாசியும்" என்றார்.

"அந்த ஆளை இவ்வளவு நேரம் சந்தோஷப்படுத்த வேண்டுமா அம்மா?"

அம்மாள் சன்னலைப் பார்த்தார்.

ஞானாதிக்கம் மனதுக்குள் ஒரு முடிவுக்கு வந்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை பெஞ்சில் போய் உட்காருவான். கையை மடியில் வைத்துக்கொள்வான். பட்டணத்துப் பெரிய மனிதர்கள் எல்லோரும் காத்திருக்கட்டும். ஒரு சுரம் வராது. ஏன் என்று கேட்டால் எழுந்து நின்று அக்காள் பெயரைச் சொல்வான். அதற்குப் பிறகு சிறையோ, சவுக்கோ.

இதை அத்தானிடம் மட்டும் சொன்னான்.

ஏசுவடியான் கொஞ்ச நேரம் தன் உள்ளங்கைக் கொப்புளங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாசி மச்சான்."

"நீங்களா சொல்றீங்க?"

"அம்மா சொல்றாங்கல்ல. வாசி."

ஞானாதிக்கத்துக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. பசி மனிதனை இப்படியும் ஆக்கிவிடுமா என்று நினைத்துக்கொண்டு எழுந்து போனான்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலைச் சுற்றிச் சாரட்டு வண்டிகள் நின்றன. முன்வாசலில் சிப்பாய்கள். அவர்களுக்கு எதிரே, தெரு முழுக்க ஜனங்கள். கோயிலில் விருந்து என்று எப்படியோ அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. யாரும் கத்தவில்லை. அந்தக் கூட்டத்திலிருந்து ஒரு முனகல் மட்டும் வந்துகொண்டிருந்தது. முன்னால் நின்றவர்கள் வாசற்கதவுக் கம்பியைப் பிடித்திருந்தார்கள். கம்பி லேசாக அசைந்தது.

ஞானாதிக்கம் உள்ளே நுழையும்போது ஒரு சிப்பாய் துப்பாக்கியில் தோட்டா போட்டுக்கொண்டிருந்தான். கும்பல் வாசலை உடைத்தால் சுடுவதற்கு உத்தரவு வாங்கியிருக்கிறார்கள் என்று வண்டிக்காரர்கள் பேசிக்கொண்டார்கள்.

கோயிலின் தெற்கு முற்றத்தில் பந்தல் போட்டிருந்தது. பெரிய பெரிய அண்டாக்களில் புலாவு, ஆட்டுக்கறி, கூடை கூடையாக ரொட்டி. ஆராதனை முடிந்ததும் விருந்தாளிகள் அங்கே போவதாக ஏற்பாடு. பந்தலுக்குப் பின்னால் மதில். மதிலில், சந்துக்குப் போகிற சின்னக் கதவு. அது எப்போதும் பூட்டியே இருக்கும்.

கோயிலின் சன்னல் கதவுகளை எல்லாம் சாத்தச் சொல்லியிருந்தார் விட்லோ துரை. வெளியிலிருந்து வரும் நாற்றமும் முனகலும் சீமாட்டிகளின் மனதைக் கெடுக்கும் என்றார். உள்ளே கூரையில் தொங்கிய பங்கா விசிறிகள் ஆடின. மெழுகுவர்த்திகள் எரிந்தன.

ஆராதனைப் பாட்டுகளை அம்மாள் வாசித்தார். பாதிரியார் நன்றி செலுத்துவதைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். அவருடைய குரல் அன்று சரியாக எழும்பவில்லை. பிறகு விட்லோ துரை எழுந்து நின்று சபையைப் பார்த்துத் திரும்பினார்.

"இந்த வாத்தியம் கடல் தாண்டி வந்தது. இதன் ஒவ்வொரு குழலையும் நீங்கள் கேட்க வேண்டும் என்பது என் ஆசை. வாத்தியம் ஓயும்வரை தயவுசெய்து ஒருவரும் இடத்தைவிட்டு எழக் கூடாது. கதவுகளும் அதுவரை சாத்தியே இருக்கும்."

கோயில் பணியாளர்கள் கதவுகளைச் சாத்தினார்கள்.

மேல்மாடத்தில் அம்மாள் பெஞ்சைவிட்டு எழுந்தார். ஞானாதிக்கம் உட்கார்ந்தான். அம்மாள் அவன் காதருகே குனிந்தார்.

"நான் வந்து உம் தோளைத் தொடும்வரை நிறுத்தாதேயும்."

அவன் கையை மடியில் வைத்துக்கொண்டான்.

ஆர்கனின்மேல் ஒரு கண்ணாடி வைத்திருந்தார்கள். அதில் கீழே இருப்பவர்கள் தெரிந்தார்கள். முன்வரிசையில் விட்லோ துரை கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். எல்லோரும் காத்திருந்தார்கள். ஒரு சீமாட்டி விசிறியை மடக்கினாள். ஒரு தலை திரும்பிப் பார்த்தது. இன்னொரு தலை. விட்லோ துரை காலை இறக்கினார்.

துருத்தி அறையில் கைப்பிடி ஏறி இறங்கும் சத்தம் கேட்டது. பலகை இடுக்கு வழியாக அத்தானின் முதுகு தெரிந்தது. விலா எலும்பு ஒவ்வொன்றும் தெரிந்தது. துருத்தி நிரம்பிவிட்டது, இனி அழுத்தத் தேவையில்லை. ஆனாலும் அவர் அழுத்தினார். மிஞ்சிய காற்று எங்கோ சீறி வெளியேறிற்று. அவர் நிறுத்தவில்லை.

அந்த மனிதரிடம் மிச்சமிருந்தது அந்த மூச்சுதான். அது சும்மா போய்க்கொண்டிருந்தது.

ஞானாதிக்கம் கையை எடுத்துக் கட்டைகளின்மேல் வைத்தான்.

முதல் சுரம் எழுந்தபோது கீழே எல்லோரும் ஒரே சமயத்தில் மூச்சுவிட்டார்கள். விட்லோ துரை மறுபடியும் கால்மேல் கால் போட்டார்.

பழகிய பாட்டை வாசித்தான். அடுத்ததை அதன் வாலில் கட்டினான். காது மட்டும் வெளியே இருந்தது. முன்வாசலில் துப்பாக்கி வெடித்தால் இந்தச் சத்தத்தில் கேட்குமா? மெல்லிய குழல்களுக்கு மாற்றிவிட்டுக் கவனித்தான். முனகல் கேட்கவில்லை. அது நின்றிருந்தது. ஏன் நின்றது? சுட்டுவிட்டார்களா? விரல் தடுமாறிற்று. சமாளித்தான்.

மூன்றாவது பாட்டில் சீமாட்டிகள் தலையாட்டினார்கள். ஐந்தாவதில் விசிறிகள் வேகமாக ஆடின. அதற்குப் பிறகு அவன் எண்ணவில்லை. தோளில் கை விழவில்லை. கண்ணாடியில் விட்லோ துரை கடிகாரத்தை எடுத்துப் பார்ப்பது தெரிந்தது. திரும்பி மேலே பார்த்தார். சிரித்தபடியே கையால் போதும் என்று காட்டினார். கொஞ்ச நேரம் கழித்துச் சிரிக்காமல் காட்டினார். ஆனால் எழவில்லை. எழக் கூடாது என்று சொன்னவர் அவர். அத்தனை பேர் முன்னால் அவரே எப்படி எழுவார்? பக்கத்திலிருந்த பாதிரியாரின் காதில் ஏதோ சொன்னார்.

பாதிரியார் மேல்மாடத்துக்கு ஏறி வந்தார். முகம் வியர்த்திருந்தது.

"ஞானாதிக்கம், போதும். துரை கோபமாக இருக்கிறார்."

"அம்மா வந்து சொல்லட்டும் ஐயா."

"அம்மாள் எங்கே?"

ஞானாதிக்கம் அப்போதுதான் திரும்பிப் பார்த்தான். பின்னால் யாரும் இல்லை. இவ்வளவு நேரமும் அம்மாள் தன் முதுகுக்குப் பின்னால் நிற்கிறார் என்றே நினைத்திருந்தான். கை தானாக வாசித்தது. 

பாதிரியார் அவரைத் தேடித் தெற்குச் சன்னலண்டை போனார். கதவை ஒரு விரல்கடை திறந்தார். வெயில் ஒரு கோடாக அவர் முகத்தில் விழுந்தது. அப்படியே நின்றார். வெகுநேரம் நின்றார்.  பிறகு சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டு, பாடகர் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். 

"ஐயா? என்ன ஆயிற்று? சுட்டுவிட்டார்களா?"

"வாசியும்."

"துரை..."

"ஓயும்வரை ஒருவரும் எழக் கூடாது என்று சொன்னது துரைதான். வாசியும்."

வாசித்தான். தெரிந்ததெல்லாம் தீர்ந்தது. சீமைப் பாட்டுகள் தீர்ந்தன. தாழ்வாரத்தில் வாசித்த தமிழ்க் கீர்த்தனைகளின் மெட்டுகளை வாசித்தான், அவையும் தீர்ந்தன. விரல்கள் மரத்துப்போயின. எதுவும் மனதில் வராத ஓர் இடத்தில், அக்காள் முகம் வந்தது. வண்டியைப் பிடித்துக்கொண்டு ஓடுகிற முகம்.

அவளுக்கு யாரும் அழவில்லை என்பது அப்போது நினைவுக்கு வந்தது. சாலையோரத்தில் விட்டுவிட்டு வந்திருந்தார்கள். ஒப்பாரி வைக்க ஒரு பெண் இல்லை.

ஞானாதிக்கம் ஒப்பாரியை வாசித்தான். அவர்கள் தெருவில் பெண்கள் மார்பில் அடித்துக்கொண்டு பாடுகிற மெட்டு. அது தடித்த குழல்களில் இறங்கிற்று. மெல்லிய குழல்களில் ஏறிற்று. இழுத்து இழுத்து விம்மிற்று. விட்லோ துரையின் வாத்தியம் அவன் அக்காளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது. கீழே விசிறிகள் நின்றுவிட்டன. ஒரு சீமாட்டி கைக்குட்டையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். என்ன கேட்கிறோம் என்று அவளுக்குத் தெரியாது.

காற்று குறைவதைச் சுரத்தில் உணர்ந்தான். இடுக்கு வழியாகப் பார்த்தான். ஏசுவடியான் கையால் அழுத்தவில்லை. உடம்பு முழுவதையும் கைப்பிடிமேல் போட்டுத் தொங்கிக்கொண்டிருந்தார். கண் மூடியிருந்தது. வாய் அசைந்தது. அவரும் அந்த மெட்டோடு சேர்ந்து பாடிக்கொண்டிருந்தார்.

அப்போது தோளில் ஒரு கை விழுந்தது.

அவன் கையை எடுத்தான். கடைசிச் சுரம் கூரையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு இறங்கிற்று.

கதவுகளைத் திறந்ததும் முதலில் வெளியே பாய்ந்தவர் விட்லோ துரை. விருந்தாளிகள் பின்னால் போனார்கள். ஞானாதிக்கம் அத்தானைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு படியிறங்கி வந்தபோது முற்றத்தில் எல்லோரும் பந்தலைப் பார்த்து நின்றார்கள்.

பந்தலில் அண்டாக்கள் கவிழ்ந்து கிடந்தன. துடைத்து எடுத்ததுபோல் இருந்தன. ரொட்டிக் கூடைகள் காலி. தரை முழுக்க இலைகள்; இலைகளில் ஒரு பருக்கை இல்லை. சமையல்காரர்கள் சுவரோரமாக வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். யாரும் தலையைத் தூக்கவில்லை. மதிலில் சின்னக் கதவு திறந்து கிடந்தது. சந்தில் ஆள் இல்லை. முன்வாசலில் சிப்பாய்கள், கும்பல் அலுத்துப்போய்க் கலைந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டு தோட்டாவைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

விட்லோ துரையின் கழுத்து சிவந்தது.

"யார்?"

லூயிசா அம்மாள் முன்னால் வந்தார். அவர் பாவாடை முழங்கால்வரை நெய்யும் மண்ணுமாக இருந்தது.

"கதவைத் திறந்தவள் நான்."

துரை வாயைத் திறந்தார். அதற்குள், கைக்குட்டையோடு நின்ற சீமாட்டி இரண்டு கையையும் சேர்த்துத் தட்டினாள்.

"மிஸ்டர் விட்லோ! இதற்காகத்தானா எங்களை எழுந்திருக்காமல் உட்கார வைத்தீர்கள்? எங்கள் விருந்தை அவர்களுக்குக் கொடுத்துவிட்டீர்களா?"

இன்னும் சிலர் தட்டினார்கள். கவர்னர் மாளிகையிலிருந்து வந்திருந்த ஓர் அதிகாரி துரையின் கையைப் பிடித்துக் குலுக்கினார். விட்லோ துரை ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். காலி அண்டாவைப் பார்த்தார். அம்மாளைப் பார்த்தார். பிறகு தொப்பியை மார்பில் வைத்து, குனிந்து வணங்கினார்.

பத்திரிகைகளில் அது வந்தது. கோயில் கமிட்டி கூடி, அனுமதியில்லாமல் கதவைத் திறந்ததற்காக லூயிசா அம்மாளை வேலையைவிட்டு நீக்கிற்று. ஆர்கனின் பித்தளைத் தகட்டில் துரையின் பெயருக்குக் கீழே, பசித்தவர்களுக்கு உணவளித்தவர் என்று ஒரு வரி சேர்த்தார்கள். அன்றைக்குச் சாப்பிட்டவர்களில் எத்தனை பேர் பஞ்சத்தைக் கடந்தார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. மழை வர இன்னும் நாள் இருந்தது.

அம்மாள் பெங்களூருக்குப் புறப்பட்டார். அங்கே ஒரு பெண்கள் பள்ளியில் பாட்டு சொல்லிக்கொடுக்க இடம் கிடைத்திருந்தது. ரயிலடிக்குப் போக மாட்டுவண்டியில் பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தபோது ஞானாதிக்கம் மூச்சிரைக்க வந்தான்.

"தகட்டைப் பார்த்தீர்களா அம்மா? அந்தப் புண்ணியத்தையும் அவனே எடுத்துக்கொண்டான்!"

"எழுத்துப் பிழை இருக்கிறதா?"

"அம்மா!"

அம்மாள் பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டினார்.

"உங்கள் இடத்தில் என்னை வாசிக்கச் சொல்கிறார்கள். காலை ஆராதனைக்கு. முடியாது என்று சொல்லிவிடப் போகிறேன்."

"உம் அத்தானுக்குத் துருத்தி வேலை இருக்கிறதா?"

"இருக்கிறது."

"அரிசி கொடுக்கிறார்களா?"

"கொடுக்கிறார்கள்."

"அப்படியானால் போய் வாசியும்."

ஞானாதிக்கம் வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அத்தானுக்குத் தெரிந்திருக்கிறது. சமையல்காரர்களுக்குத் தெரிந்திருக்கிறது. என்னிடம் மட்டும் ஏன் சொல்லவில்லை?"

"சொல்லியிருந்தால் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்திருப்பீர்."

அம்மாள் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். வண்டிக்காரன் மூக்கணாங்கயிற்றைக் கையில் எடுத்தான்.

"அம்மா, ஒன்றே ஒன்று."

"கேளும்."

"முதலில் துதிதான் வாசித்தேன். நடுவில் அக்காளுக்கு ஒப்பாரி வைத்தேன், கோயிலுக்குள்ளேயே. அதற்கப்புறம் எது எதுவென்று எனக்கே தெரியவில்லை. இரண்டு வருஷம் சொல்லிக்கொடுத்தீர்கள், ஒருநாளும் சரி என்று சொன்னதில்லை. அன்றைக்கு வாசித்தேனே, அது துதியா, இல்லையா? அதையாவது சொல்லிவிட்டுப் போங்கள்."

வண்டி அசைந்தது. அம்மாள் திரும்பிப் பார்த்தார்.

"நான் எங்கே கேட்டேன், ஞானாதிக்கம்? சோறு போட்டுக்கொண்டிருந்தேன்."